எல்லையை எழுதும் வரி

12 ஜனவரி 2026

அன்புள்ள அத்தானுக்கு,

இந்த அர்த்தராத்திரியில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் உட்கார்ந்தால் நாலு வரிக்குள் பாப்பா கீபோர்டில் ஏறிவிடுகிறாள். இப்போதுதான் தூங்கினாள். லேசாக மூக்கு ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் கடைசியில் என் கைதான் சூடாக இருந்தது.

உங்கள் கப்பலுக்கு எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது என்பதால் அவளை எழுதித்தான் காட்ட வேண்டியிருக்கிறது. முன்பற்கள் மேலே இரண்டும் முழுதாக வந்துவிட்டன, நடுவில் இடைவெளி. உங்கள் பல் மாதிரி. தலைமுடி கண்ணில் விழுகிறது, மொட்டை போடும் வரை கத்தரி வைக்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார்கள். "அப்பா எங்கே?" என்று கேட்டால் சுவரில் சார்ஜ் போட்டிருக்கும் போனைக் காட்டுகிறாள். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். மாசி சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் கருப்பசாமி கோயிலில் பாப்பாவுக்கு மொட்டையும் காதுகுத்தும் என்று உங்கள் அப்பா முடிவு செய்துவிட்டார். பங்குனியில் நீங்கள் வந்துவிடுவீர்கள், அதுவரை பொறுக்கலாமே என்று கேட்டேன். "அவன் வரட்டும்னா கருப்பன் காத்துக்கிட்டிருப்பானா தாயி? பங்காளிக அம்புட்டுப் பேரும் கூடுறது அன்னைக்கு ஒரு நாத்தான்" என்றார். சரி மாமா என்றேன். இப்போதெல்லாம் நான் எதற்கும் சரி என்றுதான் சொல்கிறேன்.

மடியில் வைத்துக்கொள்ள தம்பி மாரிச்செல்வம் இருக்கிறான். தாய்மாமன் சீருக்கு இப்போதே அருப்புக்கோட்டையில் துணி பார்த்துவிட்டானாம். நீங்கள்தான் இருக்க மாட்டீர்கள்.

பங்குனியில் சிங்கப்பூரில் இறங்கிவிடுவீர்கள்தானே? சும்மாதான் கேட்கிறேன்.

கனகலட்சுமி


17 ஜனவரி 2026

கனகு,

உன் கடிதத்தை எஞ்சின் ரூமுக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்து ஒரு தடவை படித்தேன். பல்லில் இடைவெளி என்று எழுதியிருந்தாய். கண்ணாடியில் போய் என் பல்லைப் பார்த்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கேப்டன் கூப்பிட்டார். எனக்கு மாற்றாள் இன்னும் கிடைக்கவில்லையாம். இன்னும் ஆறு மாதம் இருந்தால் அடுத்து புதுக் கப்பலில் மேல் பொறுப்பு தருவதாகக் கம்பெனி சொல்கிறது. சிங்கப்பூர் சேரும் முன் பதில் சொல்ல வேண்டும். நீ என்ன சொல்கிறாய்?

காதுகுத்து அன்று நாங்கள் டர்பன் துறைமுகத்தில் இருப்போம். அங்கே ஊர் சிம் ஒன்று வாங்கினால் வீடியோ கால் பேசலாம். கோயிலில்தான் எந்த போனுக்கும் சிக்னல் கிடையாது. ஆனால் மாடி அறையில் என் பழைய நெட் கம்பெனியின் டிஷ் பெட்டிகள் இரண்டு கிடக்கின்றன. ஒன்றை நம் மொட்டைமாடியில் வை. இன்னொன்றைக் கோயிலில் ஒரு இரும்புக் குழாயில் கட்டு. நடுவில் கண்மாய்க்கரைதான், மறைக்க வேறொன்றும் இல்லை. வீட்டு நெட் அங்கே போய்ச் சேரும். என்னோடு ஒரே பெஞ்சில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் நீ. சென்னையில் இரண்டு வருஷம் இந்தப் பெட்டிகளைத்தான் சோதித்துக்கொண்டிருந்தாய். என்னைவிட உனக்குத்தான் கை பழகியது.

பாப்பா காதுகுத்தை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். இன்னும் ஆறு மாதத்தைப் பல்லைக் கடித்து ஓட்டிவிடுவேன்.

மதன்


24 ஜனவரி 2026

அன்புள்ள அத்தானுக்கு,

ஆறு மாதம் பற்றி: உங்கள் இஷ்டம். இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெட்டிகளைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. மாடி அறையில் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் கிடந்தன. ஒன்றின் மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது. மாமா படியேறி வந்து பார்த்துவிட்டு, "இதைத்தான் நான் வேலியில கட்டிக் காக்கா வெரட்டலாம்னு இருந்தேன்" என்றார். நீங்கள் போட்டு வைத்திருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் அப்படியே இருந்தது. பாஸ்வேர்ட் என் பெயர்தான் என்று யோசித்துப் போட்டேன். திறக்கவில்லை. பிறகு நாம் ஒன்றாகப் போன கல்லூரி பஸ் நம்பரைப் போட்டேன், திறந்துவிட்டது.

அறைக்குள் இரண்டையும் எதிரெதிரே வைத்து ஓட்டினேன். பளிச்சென்று வேலை செய்தது. ஒரு பக்கம் பாப்பா, மறுபக்கம் போனில் அதே பாப்பா. தன்னைப் பார்த்துத் தானே கையாட்டினாள்.

அந்த நம்பிக்கையில் ஒரு பெட்டியைத் தம்பியிடம் கொடுத்து பைக் பேட்டரியோடு கோயிலுக்கு அனுப்பினேன். அங்கே வைத்தால் ஒன்றுமே இல்லை. மெதுவாக வருகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. எதிரில் ஒரு பெட்டி இருப்பதே இதற்குத் தெரியவில்லை. டிஷ்ஷை இஞ்ச் இஞ்சாகத் திருப்பிப் பார்த்தோம். பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு நானும் வெயிலில் கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நடுவில் நிற்கும் சீமைக்கருவேலத்தை வெட்டணும் என்கிறார் மாமா. டிரான்ஸ்பார்மர்தான் இழுக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டு வெள்ளத்துரை அண்ணன். தம்பி கருப்பசாமியின் குதிரைக் காலடியில் உட்கார்ந்துகொண்டு, "யக்கா, இவருக்கு நெட்டு பிடிக்கல போல. கிடாய மட்டும் கேக்குறாரு" என்கிறான்.

பெட்டியின் வைஃபை சேனல் பட்டியலைத் திறந்து பார்த்தால் எல்லாமே இருக்கிறது. 36-லிருந்து 165 வரை எதைக் கேட்டாலும் முடியும் என்கிறது. அறைக்குள் முடிந்தது ஏன் வெளியே முடியவில்லை? எனக்குப் புரியவில்லை. சோதனை வேலையை விட்ட பிறகு மூளையும் துருப்பிடித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பாப்பாவுக்கு நடுவில் ஒருநாள் உடம்பு சரியில்லை. இப்போது சரியாகிவிட்டது.

கனகலட்சுமி


29 ஜனவரி 2026

கனகு,

உன் மூளையில் துரு இல்லை. அறைக்குள் வேலை செய்தது, வெளியே செத்துவிட்டது என்று எழுதினாயே, அதைப் படித்ததும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. பத்து வரிக்கு மேல் அனுப்பினால் சேட்டிலைட் ரூமில் முறைக்கிறார்கள், ஆனாலும் இதை விரிவாக எழுதுகிறேன்.

அந்தப் பெட்டிக்குள் ரேடியோ இரண்டு. முதலாவது, பக்கத்தில் இருக்கும் போன்களுக்கு. இரண்டாவதில்தான் டிஷ் வயர் மாட்டியிருக்கிறது. இரண்டிலும் ஒரே வகை சிப். சிப்பைக் கேட்டால் எந்த சேனலும் முடியும் என்றுதான் சொல்லும். பொய்யில்லை, அதனால் முடியும். ஆனால் சிப்புக்குப் பின்னால், ஆன்டெனாவுக்குப் போகும் வழியில், பெட்டி செய்தவர்கள் ஆளுக்கொரு ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். முதலாவதில் கீழ்ப்பாதி அலைகள் மட்டும் வெளியே போகும். இரண்டாவதில் மேல்பாதி மட்டும். இது சிப்புக்குத் தெரியாது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் தானாகத் தெரிய வராது. பெட்டியின் சர்க்யூட் போர்டை விவரிக்கும் ஃபைலில், ஒவ்வொரு ரேடியோவுக்கும் கீழே, இதிலிருந்து இதுவரைதான் உன்னால் முடியும் என்று நாம்தான் ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் எல்லாம் முடியும் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

நான் ஏற்றி வைத்தது அதே கம்பெனியின் வேறொரு மாடலுக்கான சிஸ்டம். அந்த மாடலில் ஃபில்டர் இப்படிப் பிரித்திருக்காது, அதனால் அந்த வரியும் இல்லை. உன் டிஷ் ரேடியோ கீழ்ப்பாதியில் 36-ஐ எடுத்துக்கொண்டு கத்தியிருக்கும். ஃபில்டர் வாயைப் பொத்தியிருக்கும். அறைக்குள் கசிகிற சத்தமே போதும், அதனால் அங்கே கேட்டது. கோயில் வரை கசிவு போகாது.

அரசாங்கம் எந்த அலையை அனுமதிக்கிறது என்பது வேறு கணக்கு, அது வேறு இடத்தில் இருக்கிறது, அதைத் தொடாதே. இது அனுமதி பற்றியது இல்லை. இந்த உடம்பால் எது முடியும் என்பது பற்றியது.

முதல் ரேடியோவுக்கு 5150-லிருந்து 5350 வரை. இரண்டாவதற்கு 5470-லிருந்து 5875 வரை. எழுதி, கம்ப்யூட்டரில் சிஸ்டத்தை மறுபடி கட்டி, இரண்டு பெட்டியிலும் ஏற்று. டிஷ்ஷுக்கு மேல்பாதியில் இருக்கும் 149-ஐ வை.

நீ பார்த்துக்கொள்வதாக எழுதியது எனக்குப் பெரிய தெம்பு. கேப்டனிடம் அநேகமாகச் சரி என்றுதான் சொல்வேன்.

மதன்


4 பிப்ரவரி 2026

அன்புள்ள அத்தானுக்கு,

எழுதினேன். இரண்டு வரியையும், நீங்கள் சொன்ன எண்களோடு. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே சிஸ்டத்தைக் கட்டினேன். முடிவதற்குள் அவள் சாப்பிட்டு, துப்பி, தூங்கி, எழுந்துவிட்டாள். பெட்டியில் ஏற்றித் திறந்து பார்த்தால் சேனல் பட்டியல் காலி. 149-ம் இல்லை, 36-ம் இல்லை. முன்பு எல்லாம் முடியும் என்ற பெட்டி இப்போது ஒன்றுமே முடியாது என்று உட்கார்ந்துவிட்டது.

பெட்டியையே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். காதுகுத்தை உங்களுக்குக் காட்டாமல் செய்துவிட்டேன், அதற்கும் நான்தான் காரணம் என்று ஆகும் என்றெல்லாம் மனசு ஓடியது. உங்களுக்கு எழுதிப் பதில் வருவதற்குள் சிவராத்திரியே வந்துவிடும். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. நாம் மெகாஹெர்ட்ஸில் பேசுகிறோம். அந்த வரி கேட்பது கிலோஹெர்ட்ஸ். ஐயாயிரத்துச் சொச்சம் கிலோஹெர்ட்ஸில் ஒரு வைஃபை சேனலும் இல்லை, அது என்ன செய்யும் பாவம்? துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து எண்களுக்குப் பின்னால் மும்மூன்று சைபர் சேர்த்தேன். டிஷ் ரேடியோவில் மேல்பாதி மட்டும் வந்தது. பட்டியல் குட்டையாகிவிட்டது. குட்டையான அந்தப் பட்டியலைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் தம்பி கோயிலில் கட்டினான். நான் மாடியில் நின்றேன். சிக்கினால் துண்டை வீசு என்று சொல்லியிருந்தேன். கண்மாய்க்கரைக்கு அப்பால் துண்டு தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும்போதே போன் அடித்தது. வீடியோ கால். சிக்னலே இல்லாத கோயிலிலிருந்து. அவன் முகமும், பின்னால் மண்குதிரையின் பல்லும். "யக்கா, குதிரைக்குச் சொத்தப்பல்லு தெரியுதா?" என்றான். தெரிந்தது. அவ்வளவு தெளிவு.

அத்தை போனை வாங்கிப் பார்த்து அசந்துவிட்டார்கள். "அப்புறமென்ன? எம் மகன் வீட்டுக்குள்ள இருக்க மாதிரித்தான். ஆறு மாசமென்ன, ஆறு வருசங்கூட ஓட்டலாம்" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

வேறொன்றும் எழுத நினைத்தேன். எழுதி அழித்துவிட்டேன். பாப்பா கூப்பிடுகிறாள்.

கனகலட்சுமி


5 பிப்ரவரி 2026

கனகு,

அவசரம். எண்களைக் கிலோஹெர்ட்ஸில் எழுத வேண்டும், பின்னால் மூன்று சைபர். சொல்ல மறந்துவிட்டேன். டெக்கில் நடந்துகொண்டிருக்கும்போது நினைவு வந்து ஓடிவந்தேன். நீ பட்டியல் காலியாகப் பார்த்துப் பயந்திருப்பாய்.

மதன்

(அனுப்பப் போகும்போதுதான் உன் கடிதம் வந்தது. நீயே கண்டுபிடித்துவிட்டாய். ஆனாலும் அனுப்புகிறேன். எழுதி அழித்தது என்ன?)


18 பிப்ரவரி 2026

கனகு,

பார்த்துவிட்டேன்.

டர்பனில் அப்போது விடிந்துகொண்டிருந்தது. இரவு வேலை முடித்துக் குளிக்காமல், கிரீஸ் கையோடு, துறைமுக வாசலில் ஒரு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து பார்த்தேன். வீடியோ கால் வந்ததும் முதலில் அம்மாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. பிறகு அப்பா, "ஏலே, மெலிஞ்சிட்டியே" என்றார். பிறகு பங்காளிகள் வரிசையாக வந்து சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று கேட்டார்கள். எல்லோரையும் விலக்கிவிட்டு நீ போனை வாங்கினாய். பச்சைச் சேலை. இளைத்திருக்கிறாய். அங்கே கூட்டத்தில் கேட்கவில்லை.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசி மாரிச்செல்வம் மடியில் அவள். அவன் முகத்தில்தான் அதிக பயம். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான், அவள் மூடவில்லை. குத்தியதும் ஒரு கணம் சத்தமே இல்லை. அப்புறம்தான் அழுதாள். நான் இங்கே எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். நீ அவளைத் தூக்கி, "அப்பா பாரு" என்று போனை அவள் கையில் கொடுத்தாய். முகம் பெரிதாக வந்தது. கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அப்போது படம் போய்விட்டது. வெறும் வானம், ஒரு இருட்டு, மறுபடி வானம். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு வந்தது, ஆனால் அவள் உன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் என்ன ஆயிற்று? சேனல் மாறிவிட்டதா? ஃபைலில் இன்னும் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

கப்பல் கிளம்பிவிட்டது. இனி சிங்கப்பூர் வரை எழுத்து மட்டும்தான். கேப்டன் மறுபடி கேட்டார். பார்த்தாயிற்று, போதும் என்று சொல்ல வாய் திறந்தேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டது. நீ பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் சரி என்று சொல்லிவிடவா?

மதன்


21 பிப்ரவரி 2026

அன்புள்ள அத்தானுக்கு,

இதுவும் ராத்திரிதான். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, எனக்கு இந்த நேரம்தான் இருக்கிறது.

லைன் அறுந்துபோகவில்லை. பந்தல் பிரிக்கும் வரை ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. பிறகு பெட்டியில் பார்த்துக்கொண்டேன், நீங்கள் சொன்ன 149-லேயே உறுதியாக நின்றிருக்கிறது.

நீங்கள் அவளைக் கூப்பிட்டீர்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே நீங்கள் இல்லை. மறுபடி திருப்பி முகத்தைப் பார்த்தாள், மறுபடி பின்னால் பார்த்தாள். போனைக் கீழே வைத்து அதன் அடியில் தேடினாள். நீங்கள் பார்த்த வானம் அதுதான், இருட்டு தரை. உங்கள் மீதி உடம்பு எங்கே என்று தேடியிருக்கிறாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிடா வெட்டும் இடத்துக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து "அப்பா எங்கே?" என்று கேட்டால் அவள் போனைக் காட்டுவதில்லை. கேட்டவர் முகத்தைப் பார்க்கிறாள்.

எழுதி அழித்தது என்ன என்று கேட்டீர்கள். முதல் கடிதத்தில் காய்ச்சல் இல்லை என்று எழுதினேனே, அந்த வாரமே வந்தது. கை கால் விறைத்து, கண் மேலே சொருகி, என் மடியிலேயே. வெள்ளத்துரை அண்ணன் ஆட்டோவில் அருப்புக்கோட்டைக்குப் போனோம். பாலையம்பட்டி தாண்டுவதற்குள் அவளுக்குத் தெளிந்துவிட்டது. காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். எனக்குத்தான் தெளியவில்லை. இன்னும் தூக்கத்தில் அவள் கால் அசைந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டில் யாரும் குறை வைக்கவில்லை, அத்தை அன்று சாப்பிடவே இல்லை. ஆனால் அந்த ஆட்டோவில் நான் யாரைத் தேடினேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

உங்களிடம் சொல்லவில்லை. நடுக்கடலில் இருப்பவரிடம் சொல்லி என்ன ஆகும் என்று நினைத்தேன். "ஒருநாள் உடம்பு சரியில்லை" என்று எழுதினேன். யார் எதைக் கேட்டாலும் முடியும் என்றேன். கோயிலுக்கு லைன் இழுக்க முடியுமா, முடியும். பங்காளிகளுக்குச் சமைக்க முடியுமா, முடியும். இன்னும் ஆறு மாதம் முடியுமா என்று நீங்கள் கேட்டபோதும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நீங்கள் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. நான் எழுதவே இல்லையே. எழுதாவிட்டால் எல்லாம் முடியும் என்றே எடுத்துக்கொள்ளும் என்று பெட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதை அன்றைக்கு நாலைந்து தடவை படித்தேன்.

அந்த லைன் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று மனசார உழைத்தேன் அத்தான். அது வேலை செய்தால் நீங்கள் வராமல் போகலாம் என்றும் தெரிந்துதான் உழைத்தேன். வேலை செய்யாமல் போகட்டும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அதனால் இப்போது கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

என்னுடைய வரியை எழுதிவிடுகிறேன். என்னால் பங்குனி வரை முடியும். அதற்கு மேல் முடியாது.

உங்களுக்கும் ஒரு வரி இருக்கும். பல்லைக் கடித்து ஓட்டிவிடுவேன் என்று எழுதினீர்களே, அது இல்லை. உண்மையில் எதுவரை முடியும் என்று எழுதுங்கள். அது என்னுடையதைவிட நீளமாக இருந்தாலும் எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன். தெரியாமல் இருப்பதுதான் என்னால் முடியவில்லை.

பாப்பாவின் காது ஆறிவிட்டது. இடது பக்கம் கொஞ்சம் சிவப்பு இருந்தது, மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டேன், வடிந்துவிட்டது. தலையில் முள் முள்ளாக முடி வருகிறது. தடவினால் சிரிக்கிறாள்.

கேப்டனிடம் எதுவும் சொல்வதற்கு முன்னால் எனக்கு எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

கனகலட்சுமி